சுவருக்குக் காது வேண்டும்

"சுவருக்கும் காது உண்டு" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது ரகசியம் பேசுகிறவர்களை எச்சரிப்பதற்காக. இன்று நாம் கட்டுகிற சுவர்களைப் பார்க்கும்போது அந்தப் பழமொழியைத் திருத்தி எழுதிவிடலாமா என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தச் சுவர்களுக்குக் காது கிடையாது, வாய்தான் உண்டு. நாம் ஒரு வார்த்தை சொன்னால் அவை ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்கின்றன. அப்படிப்பட்ட வாயை அடைப்பதற்கென்று இப்போது கடைகளில் ஒரு மருந்து விற்கிறார்கள். அதற்கு ஃபோம் என்று பெயர். அந்த மருந்தைப் பற்றியும், மருந்தைவிட முக்கியமாக அந்த நோயைப் பற்றியும், சற்றுக் கோபத்தோடு சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகனுக்கு இருபத்திரண்டு வயது. கதைகளைக் குரலில் பதிவு செய்து நாலு பேர் கேட்கும்படி செய்ய வேண்டும் என்பது அந்தப் பிள்ளையின் ஆசை. நல்ல ஆசைதான். கதை எழுதுகிறவன் அதை எப்படி வேண்டாம் என்பான்? மாடியில் ஓர் அறையை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிவிட்டதாகவும், என் கதை ஒன்றை நானே வந்து படித்துக் கொடுக்க வேண்டும் என்றும் அழைத்திருந்தான். போனேன்.

கதவைத் திறந்ததும் ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டேன். நான்கு சுவர்களும் கரிக் கறுப்பு. முட்டை அடுக்கும் அட்டையை நினைவூட்டுகிற மாதிரி கூம்பு கூம்பாக எழுந்த ஃபோம் பலகைகள், தரையிலிருந்து கூரை வரைக்கும். கதவின் உட்புறத்திலும் அதே. தானாகச் சம்பாதித்துச் சேர்த்த பணம் முழுவதையும் அந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறான்.

"மாமா, இனிமே வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ள வராது" என்றான்.

நான் உட்கார்ந்து கதையைப் படித்தேன். படித்து முடித்ததும் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டோம். கதாநாயகி கண்ணீர் விடுகிற இடத்தில் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அவள் தாய் வீட்டை விட்டுப் புறப்படுகிற இடத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று அவளையும் ஏற்றிக்கொண்டு போவதைப்போல உறுமிக்கொண்டு போயிற்று. போதாக்குறைக்கு என் குரல் என் குரலாகவே இல்லை. நெல் குதிருக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவன் பேசினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "இவ்வளவு ஒட்டியும் சத்தம் வருதே மாமா. விக்கிறவரு சவுண்டு ப்ரூஃப்னுதானே சொன்னாரு?"

சொல்லியிருப்பார். விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? ஆனால் அது உண்மையல்ல. உண்மை இல்லாத ஒன்றை ஊர் முழுதும் நம்புகிறது என்பதனால் அதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

சத்தத்தை விழுங்குவது ஒரு வேலை. சத்தத்தைத் தடுப்பது இன்னொரு வேலை. இரண்டும் ஒன்று என்று நினைப்பதிலிருந்துதான் எல்லாத் தவறும் ஆரம்பமாகிறது. ஃபோமின் உடம்பெல்லாம் நுண்ணிய துளைகள். ஒலியென்பது காற்றின் அசைவு. அந்த அசைவு துளைகளுக்குள் புகுந்து உராய்ந்து, சிறிதளவு சூடாகி, அடங்கிப் போகிறது. அதனால் அறைக்குள் பிறந்த சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருவது குறையும். அவ்வளவுதான் அதன் வேலை. வெளியிலிருந்து வருகிற சத்தத்தைத் தடுப்பதற்குத் துளை வேண்டியதில்லை, கனம் வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் ஒரு சதுர அடி ஏறக்குறைய நாற்பது கிலோ கனக்கும். இரண்டு அங்குல ஃபோமில் அதே ஒரு சதுர அடி பெரும்பாலும் 150 கிராம்கூட வராது. நாற்பது கிலோவையும், கதவிடுக்கையும், ஜன்னல் சந்தையும் கடந்து வந்த பஸ் ஹாரனை 150 கிராம் என்ன செய்துவிடும்?

குரல் குதிருக்குள் போன கதை வேறு. ஆண் குரலின் அடிநாதம் விநாடிக்கு நூறு, நூற்றிருபது அதிர்வு. அந்த அலையின் நீளம் பத்துப் பதினோரு அடி. அதைச் சரியாக விழுங்க வேண்டுமானால் அலையில் கால்பங்கு ஆழமாவது வேண்டும். அதாவது இரண்டரை அடி. ஓரங்குல ஃபோம் என்ன செய்யும்? 'ச'கரத்தின் சீறலையும் 'ட'கரத்தின் கூர்மையையும் மட்டும் தின்றுவிட்டு, கீழே முழங்குகிற முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். குரலின் மேல்பாதி செத்துப்போகும், கீழ்ப்பாதி உறுமிக்கொண்டிருக்கும். சாப்பாட்டில் உப்பையும் புளியையும் எடுத்துவிட்டுக் குழைந்த சோற்றை மட்டும் பரிமாறினால் எப்படியோ, அப்படி.

இதனால் ஃபோம் உதவாக்கரைச் சரக்கு என்று நான் சொல்ல வரவில்லை. தகுந்த தடிமனில், தகுந்த இடத்தில், அளவோடு வைத்தால் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளை ஏமாந்துபோனது பெரிய விஷயமல்ல. அவன் அடுத்த மாதம் சம்பாதித்துக் கொள்வான். என் கோபம் அடுத்த நாள் பிறந்தது.

நண்பர் மலைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சீருடைத் துணி கொண்டு போனார். பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேச வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைச் சாலையில் வளைந்து வளைந்து ஏறினோம். கல்வராயன் மலை என்றால் நம்மில் பலருக்கு அருவியும் மேகமும்தான். அங்கே மலையாளி என்று பெயர் பெற்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் விளைத்து வாழ்கிறார்கள். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜாகீர்தார்களின் கீழ் அவர்கள் உழைத்த காலம் 1976 வரையில் நீடித்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த மலையில் ஒரு குழந்தை பலகையில் எழுதுகிற ஒவ்வோர் எழுத்தும் எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்பது புரியும்.

பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். குற்றம் அந்த ஒரு பள்ளிக்கூடத்தினுடையதல்ல. கட்டடம் புதுசு, சுத்தமாக இருந்தது. தரையில் வழவழப்பான டைல்ஸ். சுவரில் சிமெண்டுப் பூச்சு, அதன்மேல் பளபளக்கும் பெயிண்ட். மேலே இரும்பு ஷீட் கூரை. பார்த்த கண்ணுக்குக் குறையொன்றும் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே நுழைந்து கையை ஒரு தட்டுத் தட்டினேன். அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி, கூரையைத் தொட்டு, தரையில் விழுந்து, மறுபடி எழுந்து, நான் கையைக் கீழே போட்ட பிறகும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஆசிரியை வார்த்தைகள் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாடம், பாதம், பாகம், பாசம், பாவம். வாசகர்கள் இந்த ஐந்து வார்த்தைகளையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலிலும் முடிவிலும் ஒரே ஓசை. நடுவிலே ஒரே ஓர் எழுத்துத்தான் வேறு. அந்த எழுத்துத்தான் உயிர். அதுதான் கண் மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடுகிற எழுத்து. 'பா' என்ற நெடிலின் முழக்கம் அறையில் அடங்குவதற்கு முன்பே அந்தச் சின்ன எழுத்து வந்துவிடுகிறது. வந்து, அந்த முழக்கத்திலேயே மூழ்கிப் போய்விடுகிறது. முன் பெஞ்சுப் பிள்ளைகள் ஆசிரியையின் உதட்டைப் பார்த்து எழுதிவிட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு சிறுமி 'பாதம்' என்ற இடத்தில் 'பாகம்' என்றும், 'பாசம்' என்ற இடத்தில் 'பாடம்' என்றும் எழுதியிருந்தாள். அவள் பக்கத்தில் இருந்தவள் அவளைப் பார்த்து அதையே எழுதியிருந்தாள்.

"எத்தனை தடவை சொன்னாலும் இதுங்களுக்கு ஏறமாட்டேங்குது சார்" என்றார் ஆசிரியை. அவர் கெட்டவரல்லர். நாள் முழுதும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவர். அவருடைய குரலையும் அந்தச் சுவர்கள்தான் தின்றிருந்தன.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆசிரியையிடம் அனுமதி கேட்டு, பிள்ளைகளை வெளியே புங்க மரத்தடிக்கு அழைத்துப்போய், அதே வரிசையில், அதே தூரத்தில் உட்கார வைத்தோம். அதே ஐந்து வார்த்தைகளை முன்பின்னாக மாற்றி ஆசிரியை சொன்னார். இந்தத் தடவை கத்தாமல் சொன்னார். கடைசி வரிசைச் சிறுமி ஐந்தையும் சரியாக எழுதியிருந்தாள். எழுதியதோடு நிற்காமல், அடுத்தது என்ன என்று நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். ஏறாத பிள்ளையின் பார்வை அல்ல அது.

இது ஒரு கதாசிரியன் செய்த சோதனை, விஞ்ஞானச் சோதனையல்ல. வெளியே போன குஷியில் நன்றாக எழுதினார்கள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் விஞ்ஞானிகளும் இதைத்தான் சொல்கிறார்கள். முழக்கமும் இரைச்சலும் கலந்த இடத்தில் பேச்சைப் பிரித்து அறிகிற திறமை பெரியவர்களுக்கு இருக்கிற அளவு குழந்தைகளுக்கு இல்லை. அது வளர்ந்து முற்றுவதற்குப் பதினான்கு, பதினைந்து வயதாகிவிடும். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். நமக்குப் பாதி வார்த்தை காதில் விழுந்தால் மீதியை மனம் நிரப்பிக்கொள்கிறது. அந்த வார்த்தையையே இன்றுதான் முதன்முதலாகக் கேட்கிற குழந்தை எதை வைத்து நிரப்பும்? அமெரிக்காவில் 2002-ஆம் வருஷம் வகுப்பறைகளுக்கென்று ஓர் ஒலித் தரம் வகுத்தார்கள். சாதாரண அளவுள்ள வகுப்பறை காலியாக இருக்கும்போது அதில் எழுந்த சத்தம் ஒரு விநாடியில் பத்தில் ஆறு பங்குக்குள் அடங்கிவிட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அந்த மலைப் பள்ளிக்கூடத்து அறையில் என் கைதட்டல் அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. காது இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

சரி, இந்தக் குறை யாருக்கும் தெரியவில்லையா என்றால், தெரிந்திருக்கிறது. அங்கேதான் என் நிதானம் போயிற்று. "நகரத்திலேர்ந்து ஒரு பெரிய மனுஷர் வந்திருந்தாரு சார். எக்கோ அடிக்குதுன்னு சொன்னோம். நாலு சுவத்துலயும் கூரைக்கு அடியிலயும் ஃபோம் ஒட்டித் தரேன்னு சொல்லியிருக்காரு" என்றார் ஆசிரியை, சந்தோஷமாக.

"வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். அறை முழுதும் "டாம், டாம்" என்றது.

ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்கிறேன்.

2004-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்டார்கள். அந்த நாளை இந்த நாடு மறக்கக் கூடாது. பற்றி எரிந்தது கீற்றுக் கூரை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையே கூடாது என்று உத்தரவு வந்தது. நியாயமான உத்தரவு. கூரைகள் இறங்கின, கான்கிரீட்டும் இரும்பு ஷீட்டும் ஏறின. ஆனால் கீற்று வெறும் நிழல் மட்டும் தந்துகொண்டிருக்கவில்லை. அடுக்கடுக்கான ஓலை, நடுநடுவே காற்று. அது சத்தத்தை விழுங்குகிற பெரிய சாதனமாகவும் இருந்தது. மண் சுவரும் புல் வேய்ந்த கூரையுமாக இருந்த மலை வீட்டில் கிழவி சொன்ன கதை கடைசிப் பேரன் காதுவரை தெளிவாக விழுந்தது. மழை பெய்தாலும் விழுந்தது. இப்போது இரும்பு ஷீட்டின்மேல் மழை இறங்கினால் ஆசிரியர் புத்தகத்தை மூடிவிட வேண்டியதுதான். நெருப்புக்குப் பயந்து ஓலையை எடுத்தோம். எடுத்த இடத்தில் காதுக்கு என்ன வைப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. இது முதல் தவறு.

இரண்டாவது தவறைத்தான் இப்போது செய்யத் துணிகிறோம். கடையில் மலிவாகக் கிடைக்கிற சாதாரண ஃபோம் பாலியூரித்தேன் என்கிற சரக்கு. தீத்தடுப்பு மருந்து சேராத பாலியூரித்தேன் எப்படி எரியும் என்பதை உலகம் இரண்டு முறை பார்த்துத் தெரிந்துகொண்டது. அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்தில் வெஸ்ட் வார்விக் என்ற ஊர். அங்கே 'தி ஸ்டேஷன்' என்ற கேளிக்கை விடுதி. சத்தம் தாங்க முடியவில்லை என்று அண்டை அயலார் முறையிட்டதனால் மேடைச் சுவரில் ஃபோம் ஒட்டினார்கள். கவனியுங்கள்: வெளியே போகிற சத்தத்தைத் தடுக்க, தடுக்கவே முடியாத பொருளை ஒட்டினார்கள். 2003 பிப்ரவரி 20-ஆம் தேதி இரவு மேடையில் கொளுத்திய மத்தாப்புப் பொறி அதில் பட்டது. இரண்டு நிமிஷத்துக்குள் உள்ளே மனிதன் உயிரோடு நிற்க முடியாத நிலை உண்டாயிற்று. 100 பேர் போய்விட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 2013 ஜனவரி 27-ஆம் தேதி, பிரேஸில் நாட்டில் சாண்டா மரியா நகரத்து 'கிஸ்' விடுதியிலும் அதே கதை. அதே பொறி, கூரையில் அதே ஃபோம். 242 பேர். பெரும்பாலோர் கல்லூரி வயதுப் பிள்ளைகள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது சுடர் அல்ல, புகை. எரிகிற ஃபோமின் புகையில் சயனைடு இருக்கிறது.

கும்பகோணத்தில் கூரையிலிருந்து இறக்கிய நெருப்பைக் கல்வராயன் மலையில் சுவரில் ஒட்டப் போகிறோமா? அதுவும், பிள்ளைகள் நன்றாகக் கேட்கட்டும் என்ற நல்ல எண்ணத்தோடு? நல்ல எண்ணம் தீயை அணைக்காது.

இதற்கு வருகிற பதில்களும் எனக்குத் தெரியும். "மைக் வைத்துவிட்டால் போயிற்று" என்பது ஒன்று. கள்ளக்குறிச்சியிலோ வேறெந்த ஊரிலோ ஒரு கல்யாண மண்டபத்தில் வாழ்த்துரை கேட்டவர்களுக்கு இதற்குப் பதில் தேவையில்லை. பேச்சு முழங்குகிற இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் பேச்சும் பெருகும். முழக்கமும் கூடவே பெருகும். மணமக்கள் பதினாறும் பெற்று வாழட்டும் என்று அவர் சொல்கிறாரா, பதினாறு பேர் சாப்பிட வரட்டும் என்று சொல்கிறாரா என்பது தெரியாமலேயே நாம் கைதட்டிவிட்டு வருகிறோம். கைதட்டலும் முழங்குகிறது.

"இதெல்லாம் சினிமாக்காரர்களுக்கும் ரேடியோ நிலையத்துக்கும் உள்ள கவலை, பள்ளிக்கூடத்துக்கு எதற்கு?" என்பது இன்னொன்று. நேர்மாறாக, இந்த விஞ்ஞானம் பிறந்ததே ஒரு வகுப்பறையில்தான். 1895-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் புதிதாக ஒரு விரிவுரைக் கூடம் கட்டினார்கள். பேராசிரியர் பேசுவது மாணவர்களுக்கு விளங்கவில்லை. ஒரு வார்த்தை அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. அதற்குள் பத்து வார்த்தை பின்னால் வந்துவிடும். வாலஸ் ஸபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் இதைச் சரிசெய்யும்படி சொன்னார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து நாடக சாலையிலிருந்து ஆசன மெத்தைகளை இரவிலே தூக்கி வந்து பரப்பினார். ஓர் ஆர்கன் குழலை ஊதி, சத்தம் அடங்குகிற நேரத்தைக் கடிகாரம் வைத்துக் காதால் கேட்டே அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். இப்படி எத்தனையோ இரவுகள். மெத்தை கூடக் கூட முழக்கம் எந்தக் கணக்கில் குறைகிறது என்று கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகம் முழுதும் அவருடைய கணக்கைத்தான் போடுகிறார்கள்.

அவர் சத்தத்தை அளக்க வைத்துக்கொண்ட அலகு எது என்பதை அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. திறந்த ஜன்னல்! ஒரு சதுர அடி திறந்த ஜன்னல் வழியாக வெளியே போன சத்தம் திரும்பி வருவதில்லை. ஆகவே அதுதான் முழுமையாக விழுங்குகிற பொருள். மற்றப் பொருள்களெல்லாம் அதில் எத்தனை பங்கு என்று பார்த்தார். அப்படியானால் அந்தப் புங்க மரத்தடி என்ன? நான்கு பக்கமும் மேலேயும் திறந்த ஜன்னல். விடிய விடிய வயல்வெளியில் நடக்கிற தெருக்கூத்தில், ஒலிபெருக்கி வராத நாளில், கட்டியங்காரன் பேச்சு கடைசிப் பாயில் உட்கார்ந்தவனுக்கும் கேட்டதற்கு அவன் தொண்டை மட்டுமா காரணம்? அவன் சொன்ன வார்த்தையைத் திருப்பியடிக்க அங்கே சுவர் இல்லை.

அதற்காக எல்லாப் பள்ளிக்கூடத்தையும் இடித்துவிட்டு மரத்தடிக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. மலைக் குளிரும் மழையும் அதற்கு இடம் கொடா. கட்டடம் வேண்டும், காதுள்ள கட்டடமாக வேண்டும். அதற்கு வழியில்லாமலும் இல்லை. மர இழைச் சுருளையும் சிமெண்டையும் சேர்த்து அழுத்திய பலகைகள் நம் நாட்டிலேயே தயாராகின்றன. சத்தத்தை விழுங்கும், எளிதில் பற்றாது. அவற்றை ஷீட்டுக்கு அடியில் சற்று இடைவெளி விட்டு உட்கூரையாகக் கட்டினால் வெயில், மழைச் சத்தம், முழக்கம் மூன்றுக்கும் ஒரே மருந்தாகும். பாறையை உருக்கி நூலாக்கிய பஞ்சு இருக்கிறது; அந்தப் பஞ்சு எரிவதில்லை. அதைச் சட்டத்தில் அடைத்து, எளிதில் பற்றாத துணியால் நன்றாகப் போர்த்திப் பின்சுவரில் மாட்டலாம். இரண்டு பக்கமும் எதிரெதிரே ஜன்னல் வைக்கலாம். புத்தக அலமாரியைப் பின்சுவரில் நிறுத்தலாம்; வரிசையாக நிற்கிற புத்தகங்கள் சத்தத்தைச் சிதறடிக்கின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவாவது பள்ளிக்கூடத்தில் புத்தகம் வாங்கி வைக்கட்டுமே! கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ஆம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்தது. மேடு பள்ளமாகச் செதுக்கிய மரமும் சத்தத்தை உடைத்துப் பரப்பும். அந்தச் சிற்பிகளின் கை வேலை பணக்காரர் வீட்டு முகப்பில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது என்ன விதி?

சாக்கும் பாயும் பஞ்சு மெத்தையும் வீட்டிலே போதும். ஆனால் அவையும் எரியக்கூடியவைதான் என்பதை மறைக்க மாட்டேன். குழந்தைகள் கூடுகிற இடத்தில் அவையும் வேண்டாம். ஃபோம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் தீத்தடுப்புச் சான்றிதழை முதலில் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். விற்கிறவர் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

"பணம் எங்கே?" என்பதுதான் கடைசிப் பதில். இந்தப் பதிலைக் கேட்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. நுழைவாயில் வளைவுக்குப் பணம் இருந்தது. நன்கொடையாளர் பெயர் பொறித்த கருங்கல் பலகைக்குப் பணம் இருந்தது. சத்தத்தை எல்லாவற்றையும்விட நன்றாகத் திருப்பியடிக்கிற வழவழப்பு டைல்ஸுக்குப் பணம் இருந்தது. கண்ணுக்குச் செலவழிக்க நம்மிடம் எப்போதும் இருக்கிறது. காது என்றதும்தான் கஜானா காலியாகிறது. ஏனென்றால் கட்டடத்தைத் திறந்து வைக்க வருகிறவர் அதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். அதற்குள் உட்கார்ந்து கேட்க வேண்டியவள் கடைசி பெஞ்சுச் சிறுமி. அவளுக்கு ஓட்டு இல்லை.

சட்டம் இல்லையா என்றால், வழிகாட்டி இருக்கிறது. அரங்கங்களின் ஒலியமைப்புக்கென்று இந்தியத் தர நிர்ணயம் 1963-ஆம் வருஷமே வந்துவிட்டது. தேசியக் கட்டட நெறித் தொகுப்பில் ஒலிக்கென்று ஒரு தனிப் பிரிவே உண்டு. பள்ளிக்கூடங்களைப் பற்றியும் அதில் சொல்லியிருக்கிறது. எத்தனை ஒப்பந்தக்காரர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்? எத்தனை இஞ்சினீயர்கள் ஒரு வகுப்பறையை ஒப்புக்கொள்வதற்கு முன் அதன் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார்த்திருப்பார்கள்? கம்பி எத்தனை, சிமெண்டு எத்தனை மூட்டை என்று எண்ணுகிறோம். அந்த அறை எதற்காகக் கட்டப்பட்டதோ, அதாவது ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்பதற்காக, அந்தக் காரியம் அதில் நடக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. தண்ணீர் நிற்காத குளத்தை வெட்டிவிட்டுக் கரை அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதைப் போலத்தான் இது.

மலையிலிருந்து இறங்கி வந்த அன்று மாலை நண்பர் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் நம்பவில்லை. இளைஞன், நம்பக் கூடாதுதான். கதவிலிருந்து உள்ளங்கை அளவு ஃபோம் ஒன்றைப் பிய்த்து, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டு, நீண்ட குச்சி முனையில் தீப்பற்ற வைத்தோம். காற்று வீசும் பக்கமாக விலகி நின்றோம். கறுப்பாகப் புகை எழுந்தது. துண்டு உருகி, எரிகிற சொட்டுக்களாகத் தரையில் விழுந்து, விழுந்த இடத்திலும் எரிந்தது. முழுவதும் முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதுக்கு நடுவுலயா நான் ராத்திரி பூரா உக்காந்திருந்தேன்?" என்று கேட்டான். அன்றிரவே பிய்க்க ஆரம்பித்துவிட்டான். இப்போது அந்த அறையில் ஒரு பழைய மர அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. ஜன்னலையும் கதவிடுக்கையும் கனமாக அடைத்திருக்கிறான். பஸ் ஓய்ந்த பிறகு, விடியற்காலை நாலு மணிக்குப் பதிவு செய்கிறான். என் கதையில் இப்போது லாரி இல்லை.

மலைப் பள்ளிக்கூடத்து விஷயமாக, பணம் தருவதாகச் சொன்ன அந்தப் பெரிய மனிதருக்கு இதையெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறேன். உட்கூரைப் பலகைக்கு ஆகும் செலவையும் விசாரித்து எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. மழைக்காலம் வருகிறது. ஷீட்டின்மேல் மழை இறங்கும். ஆசிரியை புத்தகத்தை மூடுவார். கடைசி வரிசைச் சிறுமி, சொன்னது என்ன என்று பக்கத்துப் பிள்ளையின் பலகையை எட்டிப் பார்ப்பாள். பக்கத்துப் பிள்ளையும் அவளுடைய பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.